அடுத்தாளுக்கும் ஒரு சீட்டு

செட்டிநாட்டு வட்டாரக் கல்லூரிகளின் செயலர்களுக்கும் ஆட்சிக்குழு உறுப்பினர்களுக்கும் ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

வணக்கம்.

சென்ற மாதம் அனுபவச் சான்றிதழ் ஒன்று கேட்டு விண்ணப்பித்தேன். பதினோரு ஆண்டுகளாகப் பெண்கள் கைப்பந்து அணிக்கு உதவிப் பயிற்சியாளராக இருப்பவளுக்கு ஒரு தாள் எழுதித் தருவதில் என்ன சிரமம் இருக்கப்போகிறது என்று நினைத்துத்தான் போனேன். அலுவலகத்தில் இருந்தவர் நல்லவர். என்னை உட்கார வைத்து, மோர் வரவழைத்துக் கொடுத்துவிட்டுப் பதிவேட்டைப் புரட்டினார். ஆசிரியர் பட்டியலில் நான் இல்லை. அலுவலர் பட்டியலில் இல்லை. தற்காலிகப் பணியாளர்களிலும் இல்லை. கடைசியில் ‘மைதானப் பராமரிப்பு’ என்ற தலைப்பின் கீழ் என்னைக் கண்டுபிடித்தார். கோடு போடும் சுண்ணாம்புத் தூள் இத்தனை மூட்டை, புல் வெட்டிய கூலி இவ்வளவு, அதற்கடுத்த வரியில் என் மாதச் சம்பளம்.

“பதவி என்ற இடத்தில் என்னம்மா எழுதட்டும்?” என்று கேட்டார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். அவருக்கு உண்மையிலேயே தெரியவில்லை. எனக்கும் அந்த நேரத்தில் பதில் வரவில்லை. மோரைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

எந்தக் கல்லூரி என்று சொல்லப்போவதில்லை. என்னைப் போன்ற நிலையில் இருக்கும் நாலைந்து பேரை எனக்குத் தெரியும். எங்கள் கல்லூரிகள் வேறு. நாங்கள் இருக்கும் வரி ஏறத்தாழ ஒன்றுதான்.

உதவிப் பயிற்சியாளர் என்ன செய்கிறாள் என்பது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்க வழியில்லை. பரிசளிப்பு விழாவில் நீங்கள் பார்ப்பது கோப்பையை, அணித் தலைவியை, உடற்கல்வி இயக்குநரை. அவரை நாங்கள் பி.டி. சார் என்போம். அந்தப் புகைப்படத்தின் ஓரத்தில் பந்துப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பாதி முகம் தெரிய நிற்பவள் நான். சேர்க்கை விளக்கக் கையேட்டில் அதே படம் வந்தபோது ஓரத்தை வெட்டிவிட்டார்கள். பையின் வார் மட்டும் தெரிகிறது.

எங்கள் ஆடுகளம் செம்மண். இந்தப் பக்கத்துச் செம்மண்ணைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மாசி பிறந்துவிட்டால் இறுகிச் செம்பாறாங்கல்லாகவே ஆகிவிடும். தண்ணீர் தெளித்து ஊறவிடாமல் ஆடினால், பந்தெடுக்க விழுகிற பெண்ணின் முழங்கால் தோல் மண்ணோடு போய்விடும். ஒரு குடம் கூடிவிட்டால் வழுக்கிக் கணுக்கால் பிசகும். இத்தனை குடம் என்பது காலை ஐந்தரை மணிக்கு வெறுங்காலால் மிதித்துப் பார்த்துச் சொல்கிற கணக்கு. எந்தப் படிப்பிலும் இதைச் சொல்லித்தரவில்லை. பிறகு 18 மீட்டருக்கு 9 மீட்டர் அளந்து கோடு போட வேண்டும். நடுக்கோட்டிலிருந்து 3 மீட்டரில் தாக்குதல் கோடு. பெண்களுக்கு வலை 2.24 மீட்டர் உயரம். எங்கள் கம்பத்தின் திருகு துருப்பிடித்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அதனால் வலை ஆட ஆட நடுவில் தொய்யும். ஒரு மூங்கில் கழியில் 2.24-க்குக் கத்தியால் கீறி வைத்திருக்கிறேன். அரை மணிக்கு ஒருமுறை அதைக் கொண்டுபோய் வலைக்கு அடியில் நிறுத்திப் பார்ப்பேன். பிள்ளைகள் சிரிப்பார்கள். இரண்டு விரல் தொய்ந்த வலையில் பழகியவள், தான் நன்றாக எகிறுவதாக நம்பிவிடுவாள். வெளியூர் ஆட்டத்தில் அடித்த பந்தெல்லாம் வலையில் போய் விழும்போது அழுவாள். அந்த அழுகையைப் பார்த்த பிறகுதான் கழியைக் கீறினேன்.

இவை கையால் செய்கிற வேலை. கண்ணால் செய்கிற வேலை வேறு. காரைக்குடிக் கடைத்தெருவில் கணக்குப் புத்தகம் விற்கிற கடையில் வாங்கிய நீளவாட்டுச் சிவப்பு அட்டைப் பேரேடு ஒன்று என்னிடம் எப்போதும் இருக்கும். எதிரணியின் ஒவ்வொரு பந்தும் அதில் ஏறும். எந்தச் சுழற்சியில், யார் அடித்தாள், எங்கே விழுந்தது. சர்வீஸ் கைக்கு வரும்போதெல்லாம் ஆறு பேரும் ஓர் இடம் நகர்வதைத்தான் சுழற்சி என்போம். ஆறு சுழற்சிக்கும் தனித்தனிப் பக்கம்.

ஓர் ஆட்டத்தை மட்டும் சொல்கிறேன். கல்லூரிகளுக்கிடையிலான போட்டியின் அரையிறுதி, மூன்றாவது செட், 22-க்கு 22. எதிரணியில் இடது ஓரத்தில் ஒரு பெண் பேயடி அடித்துக்கொண்டிருந்தாள். வலையோரத்தில் கை தூக்கித் தடுக்கும் எங்கள் பிளாக்கர்கள் அவளுக்காகவே எழும்பி எழும்பிக் களைத்துவிட்டார்கள். என் பேரேட்டில் வேறு கணக்கு இருந்தது. அடிக்கிறவளுக்குப் பந்தைத் தூக்கிக் கொடுக்கும் அவர்களுடைய செட்டர் பின்வரிசையில் இருக்கும்போது அவள் ஒன்பது பந்து வாங்கி, அதில் ஏழு பந்தைக் களத்தின் கோடியில் அடித்திருந்தாள். செட்டர் முன்வரிசைக்கு வந்துவிட்டால் அவள் அடிப்பதே இல்லை. முன்னால் அடிக்க இரண்டே பேர்தான் இருப்பார்கள், பிளாக் இருவராக அவள் மேல் வந்து நிற்கும் என்பது அவளுக்குத் தெரியும். கையைப் பெரிதாக ஓங்கிவிட்டு விரல் நுனியால் தட்டி, பிளாக்குக்குப் பின்னால், மூன்று மீட்டர் கோட்டுக்கு இப்பால் போட்டுவிடுகிறாள். அப்படிப் போட்ட நான்குமே புள்ளி.

டைம் அவுட் 30 நொடி. சார் அதில் இருபத்தைந்து நொடியைத் தைரியம் சொல்வதற்குச் செலவிட்டார். தவறென்று சொல்ல மாட்டேன், அந்த நேரத்தில் அதுவும் வேண்டியிருந்தது. களத்துக்குத் திரும்பும்போது, பின்வரிசையில் பந்தெடுக்கவே நிற்கும் எங்கள் லிபரோவின் முழங்கையைப் பிடித்து, “செட்டர் முன்னால் வந்துவிட்டாள். கை ஓங்குவதைப் பார்க்காதே. இரண்டடி முன்னால் வந்து நில்” என்றேன். அவள் வந்து நின்றாள். பந்து அவள் உள்ளங்கைக்கே வந்து விழுந்தது. 25-க்கு 23. மறுநாள் நாளிதழில் ‘பயிற்சியாளரின் வியூகம் வென்றது’ என்று போட்டிருந்தார்கள். சார் அதைக் கத்தரித்து அறிவிப்புப் பலகையில் ஒட்டினார். எனக்கு வருத்தமில்லை என்று எழுதினால் அது பொய்யாகிவிடும்.

நான் முதன்முதலில் படித்த ஆட்ட விதிப் புத்தகத்தில் உதவிப் பயிற்சியாளருக்கென்று இருந்தவை இரண்டே விதிகள். ஒன்று: அவர் அணியின் பெஞ்சில் அமரலாம், ஆட்டத்தில் தலையிடும் உரிமை அவருக்குக் கிடையாது. இரண்டு: பயிற்சியாளர் ஏதோ காரணத்தால் இல்லாமல் போனால், அணித் தலைவி நடுவரிடம் சொல்லி உறுதிசெய்த பிறகு, அவர் இல்லாத நேரத்துக்கு மட்டும் பொறுப்பை ஏற்கலாம். பதினோரு ஆண்டுகளில் இரண்டாவது விதி எனக்கு ஒரே ஒரு முறை பயன்பட்டது. சார் நடுவரோடு வாக்குவாதம் செய்ய, நடுவர் சிவப்பையும் மஞ்சளையும் சேர்த்து ஒரே கையில் காட்டிவிட்டார். அந்த செட் முடியும்வரை சார் உள்ளே வரக்கூடாது. தலைவி நடுவரிடம் போய், “இனி எங்கள் மேடம் பார்த்துக்கொள்வார்” என்றாள். அந்த செட்டை 21-க்கு 25 என்று தோற்றோம். அந்த 21 புள்ளியும் எப்படி வந்தன என்று இன்றும் வரிசையாகச் சொல்லுவேன்.

எனக்கு இந்த இடம் பழக்கமானதுதான். ஆடிய காலத்தில் நான் லிபரோ. 1998-இல்தான் சர்வதேச விதிகளில் அந்த இடம் வந்தது. லிபரோ வேறு நிறச் சட்டை போட வேண்டும். சர்வீஸ் போடக்கூடாது. பிளாக் செய்யக்கூடாது. வலை உயரத்துக்கு மேலிருக்கும் பந்தை அடித்து அனுப்பக்கூடாது. அப்போதைய விதிப்படி அணித் தலைவியாகவும் முடியாது. விழப்போகிற பந்தை விழாமல் எடுக்கலாம். அப்படி எடுத்துப் பழகியவள்தான் சம்பளப் பட்டியலிலும் தரையோடு தரையாகக் கிடக்கிறேன்.

இப்போது இந்த ஊர் விஷயத்துக்கு வருகிறேன்.

உங்களில் பலருடைய ஐயாக்களும் அப்பச்சிகளும் பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் கடை வைத்திருந்தவர்கள். அந்தக் கடைகளில் ஆட்களுக்கு இருந்த படிநிலையை நான் சொல்லி நீங்கள் அறிய வேண்டியதில்லை. பெட்டியடிப் பையனாகப் போகிறவன் அடுத்தாளாவான். அடுத்தாளாக இருந்தவன் மேலாளாகிக் கடையை நடத்துவான். கைக்குக் கொஞ்சம் முதல் சேர்ந்துவிட்டால் தானே கடை போட்டவர்களும் உண்டு. பெரும்பாலும் மூன்றாண்டுத் தவணை. போகும்போதே சம்பளச் சீட்டு எழுதிவிடுவார்கள். சம்பளம் எவ்வளவு என்பது கப்பல் ஏறும் முன்பே எழுத்தில் இருக்கும். கணக்கு முடித்துத் திரும்பும்போது கடை நன்றாக நடந்திருந்தால் அதற்குத் தனியே ஒரு தொகையும் கிடைக்கும். அந்த வட்டிக்கடைகளில் எல்லாம் சரியாக இருந்தது என்று நான் சொல்லவில்லை. கடன் வாங்கியவர்களைக் கேட்டால் வேறு கதை சொல்லுவார்கள். ஆனால் அடுத்தாள் என்கிறவன் நாளைய மேலாள் என்பதில் முதலாளிக்குச் சந்தேகமே இருந்ததில்லை. அவனுக்குக் கணக்கு எழுதக் கற்றுக்கொடுத்தது தன் கடைக்காகத்தான் என்பது அவருக்குத் தெரியும்.

‘உதவிப் பயிற்சியாளர்’ என்பதற்கு இந்த மண்ணில் என்றோ பிறந்த சொல் அடுத்தாள். அந்த வழியில் வந்தவர்கள் நடத்துகிற கல்லூரிகளில் அடுத்தாளுக்குச் சீட்டு இல்லை என்பதுதான் எனக்கு விளங்கவே இல்லை.

என் சம்பளம் மார்ச் மாதத்தோடு நிற்கும். ஜூலையில் மறுபடி தொடங்கும். அதற்கு ஆணை எதுவும் வராது. ஜூன் கடைசியில் சார் கைபேசியில் அழைத்து, “என்னம்மா, வருகிறாய் அல்லவா?” என்பார். அதுதான் ஆணை. ஆனால் ஏப்ரலும் மேயும்தான் ஊர் ஊராக மின்னொளிக் கைப்பந்துப் போட்டி நடக்கிற காலம். பிளஸ் டூ முடித்த பெண்களில் யார் எகிறுகிறாள், யாருக்குக் கை சுத்தம், யார் தோற்கும்போதும் பக்கத்தில் இருப்பவளைத் திட்டுவதில்லை என்று பார்த்து எழுதிக்கொண்டு வர வேண்டிய மாதங்கள் அவை. அணியை நீங்கள் ஜூலையில் பார்க்கிறீர்கள். நான் அதைச் சம்பளம் இல்லாத இரண்டு மாதங்களில், இரவு பதினொரு மணிக்கு, விளக்குக் கம்பத்தடியில் ஈசல்களுக்கு நடுவே நின்று பொறுக்கியிருக்கிறேன். 2021-இலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. யோசித்துப் பார்த்தால் என் தொழிலுக்கு இதுவரை அதிகம் உதவிய அமைப்பு அரசுப் போக்குவரத்துக் கழகம்தான்.

பொறுக்கி எடுத்தால் போதாது, வீட்டில் விட வேண்டுமே. புதுவயல் பக்கத்தில் ஓர் ஓட்டு வீடு. அப்பா இல்லை, அம்மா திருப்பூரில் வேலை, பெண்ணை வளர்ப்பது அப்பத்தா. திண்ணையில் உட்கார்ந்து புளி உடைத்துக்கொண்டிருந்த அப்பத்தா, நான் சொன்ன கோப்பை, சான்றிதழ், இட ஒதுக்கீடு எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கொட்டையை ஒரு பக்கம், சதையை ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டே, “ராத்திரி பிள்ளைகள் எங்கே படுக்கும்?” என்று கேட்டார்.

“அங்கே உள்ள கல்லூரியில் வகுப்பறை தருவார்கள், அப்பத்தா.”

“கூட யார் படுப்பது?”

“நான்தான்.”

அதுவரை என் முகத்தை நிமிர்ந்து பார்க்காதவர் அப்போதுதான் பார்த்தார். “நீ போகிற ஆட்டத்துக்கு அனுப்புகிறேன். நீ போகாத ஆட்டத்துக்கு இவள் வரமாட்டாள். அதை உன் வாத்தியாரிடம் சொல்லிவிடு” என்றார். எழுந்து போகும்போது ஒரு உருண்டைப் புளியைத் தாளில் சுற்றிக் கையில் கொடுத்தார்.

முதல் வெளியூர் ஆட்டத்திலேயே அந்த வகுப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. பழைய வலைக் கயிற்றால் முடிச்சுப் போட்டு, கதவுக்குக் குறுக்கே என் பாயை விரித்துப் படுத்துக்கொண்டேன். பன்னிரண்டு பெண்கள் பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டுத் தூங்கினார்கள். நான் தூங்கவில்லை. அந்தப் பயணத்துக்கான செலவுப் பட்டியலில் வீராங்கனைகள் பன்னிரண்டு, மேலாளர் ஒருவர் என்று பதின்மூன்று பேருக்குப் படி எழுதியிருந்தது. பதினான்காவது சாப்பாடு யார் கணக்கு என்று நான் கேட்கவில்லை. சார் தன் கையிலிருந்து கொடுத்தார் என்று பிறகு தெரிந்தது.

அந்தப் புதுவயல் பெண் இன்று காவல் துறையில் இருக்கிறாள். தமிழ்நாட்டு அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு ஒதுக்கீடு இருக்கிறது. அந்த வழியில் போனவள். தீபாவளிக்கு எனக்குப் புடவை எடுத்துக்கொண்டு வந்தாள். முதல் மாதமே அவள் வாங்கிய சம்பளம் என் ஓராண்டுச் சம்பளத்தில் பாதிக்கு மேல். அவள் வாங்கியதில் எனக்கு நிறைவுதான். “நானும் பிறகு பயிற்சியாளர் ஆகட்டுமா, மேடம்?” என்று அவள் ஒருமுறை கேட்டபோது, “வேண்டாம்” என்று யோசிக்காமல் சொன்னேன். சொல்லிவிட்டு அன்று இரவு முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஏன் மேலே படித்துப் போகக்கூடாது என்று கேட்பீர்கள். கேட்டிருக்கிறார்கள். நான் உடற்கல்வி முதுகலையான எம்.பி.எட். படித்தவள். உடற்கல்வி இயக்குநர் பதவிக்கு முதுகலையில் 55 விழுக்காடு, நெட் தேர்வோ முனைவர் பட்டமோ, அதற்கு மேல் ஓட்டத் தேர்வு. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிகளில் 30 வயதைத் தாண்டி 40-க்குள் இருக்கும் பெண்கள் 8 நிமிடத்தில் 800 மீட்டர் ஓடவோ நடக்கவோ வேண்டும். அந்தத் தூரத்தைத் தினமும் பந்து பொறுக்குவதிலேயே ஓடிவிடுகிறேன். தகுதி இருந்தும் என்ன செய்ய? பெரும்பாலான கல்லூரிகளில் அந்தப் பதவி ஒன்றே ஒன்றுதான். அதில் இருப்பவர் ஓய்வு பெற வேண்டும், பிறகு அந்த இடத்தை நிரப்ப அனுமதி வர வேண்டும். அந்த ஒருவரே கபடி, கால்பந்து, தடகளம், சதுரங்கம் என்று எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். சார் மேல் எனக்குக் குறை இல்லை என்று நான் சொல்வது மரியாதைக்காக அல்ல.

பயிற்சியாளர் வேலைக்கென்றே உள்ள படிப்பு தேசிய விளையாட்டு நிறுவனத்தின் பட்டயம். 1961-இல் பட்டியாலா மன்னரின் அரண்மனையில் தொடங்கப்பட்ட நிறுவனம் அது. ஆறு வாரச் சான்றிதழ்ப் படிப்பை ஒரு கோடை விடுமுறையில் முடித்துவிட்டேன். பட்டயத்துக்கு ஓராண்டு தங்கிப் படிக்க வேண்டும். ஓராண்டு போய்விட்டுத் திரும்பினால் இந்த வேலை இருக்குமா என்று கேட்டேன். “எந்த வேலை?” என்றார் அப்போதைய செயலர். கிண்டலாகக் கேட்கவில்லை. அவருக்கும் தெரியாது.

கைப்பந்தில் தமிழ்நாடு சின்ன மாநிலம் இல்லை. அர்ஜுனா விருது முதன்முதலாகக் கொடுக்கப்பட்ட 1961-இலேயே கைப்பந்துக்காக அதைப் பெற்றவர் ஏ. பழனிசாமி. ஆடிய காலத்தில் அர்ஜுனாவும், பயிற்சியாளரான பிறகு துரோணாச்சாரியார் விருதும் பெற்ற ஜி.இ. ஸ்ரீதரன் நம்மவர். துரோணருக்கு விருது உண்டு. அவர் பக்கத்தில் நின்று அம்பறாத்தூணியை நிரப்பிக்கொண்டிருந்தவர் பெயரைப் பாரதமும் சொல்லவில்லை.

கடல் தாண்டியும் பார்த்தேன். அமெரிக்காவில் நெப்ராஸ்கா பல்கலைக்கழகப் பெண்கள் அணி 2023 ஆகஸ்ட் 30 அன்று ஆடிய ஓர் ஆட்டத்தைப் பார்க்க வந்தவர்கள் 92,003 பேர். காரைக்குடி நகரமே 2011 கணக்கெடுப்பில் ஒரு லட்சத்துச் சொச்சம்தான். அந்த அணியை அன்று நடத்திய ஜான் குக் அதே கல்லூரியில் முன்பு உதவிப் பயிற்சியாளராக இருந்தவர். 2025-இல் அவர் ஓய்வு பெற்றபோது அவர் இடத்துக்கு வந்தவர் டானி பஸ்பூம் கெல்லி. அதே கல்லூரிக்கு ஆடியவர், 2006-இல் அவர்கள் தேசியப் பட்டம் வென்றபோது அணியின் லிபரோ, பிறகு அங்கேயே ஐந்தாண்டு உதவிப் பயிற்சியாளர், அதன்பின் வேறொரு பல்கலைக்கழகத்தில் தலைமைப் பயிற்சியாளர். இதைப் படித்த அன்று என் பேரேட்டின் பின் அட்டையில் அவர் பெயரை எழுதி வைத்தேன். அங்கேயும் எல்லாம் பொன்னாக இருந்துவிடவில்லை. பயிற்சிக் குழுவில் ஒருவரைத் ‘தொண்டர்’ என்று பெயரிட்டு ஊதியம் கொடுக்காமலே பல ஆண்டுகள் வைத்திருந்தார்கள். 2023 ஜூலை 1-இலிருந்து, அங்கே கல்லூரி விளையாட்டின் மேல்நிலையான ‘முதல் பிரிவு’க் கல்லூரிகளில் அந்தப் பெயரையே எடுத்துவிட்டார்கள்.

நம் ஊரில் அந்தச் சொல் ‘சேவை’. “நீங்கள் செய்வது சேவையம்மா” என்று மேடையில் சொல்லிப் பொன்னாடை போர்த்துவார்கள். ஏழு பொன்னாடை இருக்கிறது. ஒன்றைப் பந்துப் பை கிழிந்தபோது உள்ளே வைத்துத் தைத்துக்கொண்டேன்.

நான் கேட்பது பெரிய தொகை அல்ல. ஒரு சீட்டு. அதில் பதவி என்ற இடத்தில் ‘உதவிப் பயிற்சியாளர், கைப்பந்து’ என்று எழுதியிருக்க வேண்டும். மூன்றாண்டுத் தவணை, ஆண்டுக்குப் பன்னிரண்டு மாதச் சம்பளம், வெளியூர்ப் பயணத்தில் பதினான்காவது சாப்பாடு. பட்டயப் படிப்புக்குப் போகிறவளுக்கு ஓராண்டு விடுப்பும், திரும்பி வந்தால் அதே இடமும். படித்து வந்தபின் மூன்றாண்டு இங்கேயே இருக்க வேண்டும் என்று நீங்கள் கையெழுத்து வாங்கிக்கொள்ளலாம். முதலாளிமார் அப்படித்தானே செய்தார்கள். இன்னொன்று, இதற்குக் காசே ஆகாது: ஆண்டுக்கு ஒரு போட்டியில், சின்னப் போட்டியானாலும் சரி, பெஞ்சில் தலைமை இடம் அடுத்தாளுக்கு. சிவப்பும் மஞ்சளும் காட்டித்தான் எனக்கு ஒரு செட் கிடைக்க வேண்டும் என்றால் நான் கற்றுக்கொள்ள இன்னும் எத்தனை நடுவர்களோடு சார் சண்டை போட வேண்டும்?

நிதி இல்லை என்பீர்கள். சென்ற ஆண்டு அணி வென்றபோது நகரத்தில் வைத்த வாழ்த்துப் பதாகைகளுக்கும் நாளிதழ் விளம்பரத்துக்கும் என்ன ஆயிற்று என்று அச்சகத்தில் எனக்குத் தெரிந்தவரிடம் கேட்டேன். என் ஏப்ரல், மே, ஜூன் சம்பளம் அதற்குள் அடங்கி மீதியும் இருந்தது. வள்ளல் அழகப்பர் மின்வேதியியல் ஆய்வு நிலையம் காரைக்குடிக்கு வர வேண்டும் என்பதற்காக 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் எடுத்துக் கொடுத்த ஊர் இது. 1948-இல் அந்தப் பணத்துக்கு என்ன மதிப்பு என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். நல்ல கை. ஆனால் இங்கே கொடை என்றால் கட்டடம்தான் ஞாபகத்துக்கு வருகிறது. புதிதாகப் பார்வையாளர் மேடை கட்டித்தர ஒருவர் முன்வந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டேன். மகிழ்ச்சி. கல்வெட்டில் பெயர் வரும். அதே தொகையில் ஒரு பகுதியை வைப்பு நிதியாகப் போட்டு அதன் வட்டியில் ஒரு பயிற்சியாளரை வைத்துக்கொள்ளலாம் என்று வட்டிக் கணக்கை உங்களுக்கு நான் சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற வேலை.

உதவிப் பயிற்சியாளர்கள் நிலைத்து நிற்பதில்லை என்றும் ஒரு குறை சொல்லப்படுகிறது. உண்மைதான். எனக்கு முன் இருந்தவர் இரண்டு ஆண்டில் போய்விட்டார், இப்போது தனியார் பள்ளி ஒன்றில் உடற்கல்வி ஆசிரியை. அவருக்கு முன் இருந்தவர் துணிக்கடையில் இருக்கிறார். நான் நின்றுவிட்டதற்குக் காரணம் என் கணவருக்கு மாதச் சம்பளம் வருகிறது என்பதுதான். நான் அதிகம் அர்ப்பணிப்பு உள்ளவள் என்பதால் அல்ல. துணிக்கடையில் இருப்பவருக்கு என்னைவிட ஆட்டம் தெரியும். அவருடைய பழைய நோட்டு ஒன்று இன்றும் என்னிடம் இருக்கிறது. எதிரணி சர்வீஸ் போடுகிறவளின் கால் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதுவரை குறித்திருக்கிறார்.

அந்த அனுபவச் சான்றிதழ் இன்னும் எழுதப்படவில்லை. அலுவலகத்தில் இருப்பவர் போன வாரம் வழியில் பார்த்தபோது, ஆட்சிக்குழுவிலிருந்து ஒரு வார்த்தை வந்தால் போதும், பதவி என்ற இடத்தை உடனே நிரப்பிவிடுவேன் என்றார். சீட்டுக்கு மாதிரி ஒன்றை நானே எழுதி வைத்திருக்கிறேன், ஒரு பக்கம்தான். கேட்டால் எந்தக் கல்லூரிக்கும் அனுப்புகிறேன். மின்னொளிப் போட்டிகள் சித்திரையில் தொடங்கிவிடும். அதற்கு முன் பதில் வந்தால், இந்த ஆண்டு விளக்குக் கம்பத்தடியில் சம்பளத்தோடு நிற்பேன். கம்பத்துத் திருகையும் மாற்றிவிட்டால் நல்லது. கழியைப் பிடித்துப் பிடித்துக் கை காய்த்துவிட்டது.

இப்படிக்கு,
கைப்பந்து உதவிப் பயிற்சியாளர் ஒருத்தி
(பதிவேட்டின்படி: மைதானப் பராமரிப்பு)